பரமேஸ்வரியின் முகம் தெரியவில்லையாம்

1

போன வாரம் மன்னார்குடியிலிருந்து தம்பி கூப்பிட்டான். பேச்சுவாக்கில், “அக்கா, அங்கெல்லாம் வேலைக்கு ஆள் எடுக்குறதே கம்ப்யூட்டர்தானாமே? சாதி பாக்காது, சிபாரிசு கேக்காது. நீங்கல்லாம் குடுத்து வச்சவங்க” என்றான். எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த குழம்பை மறந்துவிட்டேன். பாவம், ஏதோ காணொளியில் பார்த்ததைச் சொன்னான். அவனுக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்தேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவன் படிப்பான். நீங்களும் படியுங்கள்.

நான் மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. மலேசியா என்றதும் உங்கள் கண்முன் வருகிற வானுயர்ந்த கட்டடங்கள் எங்களிடமிருந்து வெகு தூரம். நாங்கள் இருப்பது நெகிரி செம்பிலான் மாநிலத்தில், கோலா பிலாவுக்குப் பக்கத்தில், ஒரு செம்பனைத் தோட்டத்தில். என் கணவர் குணசேகரன் பழக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நான் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுக்கிறேன். எங்களோடு என் நாத்தனார் பரமேஸ்வரியும் இருக்கிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள்தான்.

வந்த புதிதில் விசா நீட்டிக்க சிரம்பானில் குடிநுழைவு அலுவலகத்துக்கு வேலைக்கு லீவு போட்டு என்னை அழைத்துக்கொண்டு போவாள். ஒரு தடவை அங்கே இருந்த அதிகாரி, இங்கே வாழ்க்கை எப்படி என்று மலாயில் என்னைக் கேட்டார். கஷ்டம் என்பதற்கு இங்கே ‘சூசா’ என்பார்கள். நான் ‘சூசு’ என்று சொல்லிவிட்டேன். அது பால். இங்கே வாழ்க்கை நிறையப் பால் என்று நான் சொன்னதைக் கேட்டு வரிசையில் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். பரமேஸ்வரி மட்டும் சிரிக்காமல் அதிகாரியைப் பார்த்து, “புதுசு சார், கத்துக்குவாங்க” என்று மலாயில் சொன்னாள். முத்திரை விழுந்தது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அந்த அதிகாரி என்னை நாலு தடவை அலைய விட்டவர். ஆனாலும் நான் உளறியதைக் கேட்க அவருக்கு ஒரு காது இருந்தது.

2

பரமேஸ்வரி பள்ளிப் படிப்பை முடித்த கையோடு சிரம்பான் பக்கம் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். விடிவதற்கு முன் தோட்டத்து முச்சந்தியில் ஃபேக்டரி பஸ் ஏறுவாள். மற்றவர்கள் தூங்கி வழிகையில் இவள் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து மலாய்ச் செய்தித்தாள் படிப்பாளாம். படிப்படியாக லைன் லீடர் ஆனாள். ஓர் உற்பத்தி லைன் முழுவதும் அவள் பொறுப்பு. என் மகள் கவிதா கல்லூரியில் படித்தது பெரும்பாலும் அவள் சம்பளத்தில்தான். என் கணவரின் வருமானத்தில் வீடு ஓடியது, பரமேஸ்வரியின் வருமானத்தில் கவிதா ஓடினாள்.

போன வருடம் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டு முதலாளிகள் வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள். அவள் அழவில்லை. “விடுங்க அண்ணி. செண்டாயான்ல புதுசு புதுசா ஃபேக்டரி தொறக்குறான். கை வேலை தெரிஞ்சவளுக்கு வேலையா இல்ல?” என்றாள்.

செண்டாயான் சிரம்பானுக்குத் தெற்கே எழும்பியிருக்கிற புதிய தொழிற்பேட்டை. காடும் ரப்பருமாக இருந்த இடமாம். இப்போது நீலக் கூரைகளும் அகலமான சாலைகளும்தான். ஒரு நாள் நானும் அவளும் அங்கே போனோம். அவள் பழைய கம்பெனி கொடுத்த நற்சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, நல்ல சட்டையும் போட்டுக்கொண்டு வந்தாள். முதல் தொழிற்சாலை வாசலில் ‘ஆட்கள் தேவை’ என்று பெரிய பலகை. ஜாகா, அதாவது காவலாளி, ஒரு நேப்பாளிப் பையன். அவன் அந்தப் பலகையில் இருந்த கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, “போன்ல, போன்ல” என்றான்.

“மேனேஜர பாக்க முடியாதா தம்பி?” என்று மலாயில் கேட்டாள் பரமேஸ்வரி.

“மேனேஜர் பாக்குறதில்ல. சிஸ்டம்தான் பாக்குது.”

அடுத்த தொழிற்சாலையிலும் அதே சதுரம், அதே பதில். அதற்கடுத்ததிலும் அதே. வெயிலில் நடந்து நடந்து கடைசியில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரேக் என்கிற, நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர் குடித்தோம். பிளாஸ்டிக் உறையை அவள் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. வாங்க அங்கே கையே இல்லை.

3

வீட்டுக்கு வந்து போனில் அந்த விண்ணப்பத்தைத் திறந்தோம். முதல் கேள்வி பெயர். அங்கேயே முட்டிக்கொண்டது.

இங்கே நம்மவர்களின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே ‘ஏ/பி’ என்று இருக்கும். இன்னாரின் மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது. மகன் என்றால் ‘ஏ/எல்’. பிறப்புப் பத்திரத்திலிருந்து சாவுப் பத்திரம் வரை அந்தச் சாய்கோடு கூடவே வரும். இந்த நாட்டு அரசாங்கம் போட்ட கோடு அது. நாங்கள் கேட்டு வாங்கியதில்லை. அந்தச் சாய்கோட்டை இந்த விண்ணப்பம் ஏற்கவில்லை. ‘தவறான எழுத்து’ என்று சிவப்பில் காட்டியது. கோட்டை எடுத்துவிட்டு எழுதினோம். அடையாள அட்டையைப் படமெடுத்துப் போடச் சொன்னது. போட்டோம். ‘பெயர் பொருந்தவில்லை’ என்றது. பிறகு என்ன நினைத்ததோ, சரி மேலே போ என்று விட்டது.

அடுத்தது முகவரி. தெருப் பெயர், வீட்டு எண் இரண்டும் இல்லாமல் நகர மறுத்தது. தோட்டத்தில் ஏது தெரு? தோட்டத்தின் பெயரும், எந்த வரிசை என்பதும்தான் எங்கள் முகவரி. தபால்காரருக்கு அது போதும். இதற்குப் போதவில்லை. தெரு என்பதற்கு மலாயில் ‘ஜாலான்’. இல்லாத ஒரு ஜாலானை எழுதினோம்.

பிறகுதான் பெரிய கூத்து. போன் முன்னால் உட்கார்ந்து அது கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். மனிதர் யாரும் அந்தப் பக்கம் இல்லை. திரையில் ஒரு வட்டம் வரும், அதற்குள் முகம் இருக்க வேண்டும். பரமேஸ்வரி எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். திரையில் மலாயில் எழுத்து வந்தது. முகம் கண்டறியப்படவில்லை.

பரமேஸ்வரி கறுப்பு. நல்ல கறுப்பு. என் கணவரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தோம். முகம் கண்டறியப்படவில்லை. விளக்கைப் போட்டோம். கண்டறியப்படவில்லை. வாசலுக்கு வந்தாள். எதிர் வீட்டு மாமி துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தாள். உச்சி வெயிலில் முற்றத்தில் நாற்காலியைப் போட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு கணம் வட்டம் பச்சையாகி மறுபடியும் சிவந்தது.

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது முகம் முழுவதும் பவுடர். காதோரம் திட்டுத் திட்டாக, கழுத்து வேறு நிறமாக. என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

வட்டம் பச்சையானது.

அவள் பதில்களை நன்றாகத்தான் சொன்னாள். லைன் நின்றுபோனால் என்ன செய்வாய் என்று கேட்டது. சரளமாக மலாயில் சொன்னாள். தோட்டத்து மலாய். வேர்வை வழிந்து பவுடரில் கோடு விழுந்துகொண்டிருந்தது. முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் பதில் வந்துவிட்டது. தங்கள் ஆர்வத்துக்கு நன்றி, தங்கள் தகுதி இப்பணிக்குப் பொருந்தவில்லை.

அவள் லைன் லீடராக இருந்த வருடங்களையெல்லாம் அவள் முகம் துடைக்கிற நேரத்தில் படித்து முடித்து, எடை போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேறு தொழிற்சாலைகளுக்கும் போட்டாள். ஒவ்வொன்றிலும் அதே வட்டம், அதே நன்றி.

4

கவிதா அம்பாங்கானில் அறை எடுத்துத் தங்கி சிரம்பானில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். நிறுவனங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிற வேலை என்று மட்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தவளிடம் போனைக் காட்டினேன். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

“ம்மா, இது எங்க சிஸ்டம்தான்.”

“எங்க சிஸ்டம்னா?”

“எங்க கம்பெனிதான் செண்டாயான்ல பாதி ஃபேக்டரிக்கு இதை ஓட்டுது. பாஸ் ஆனவங்க பேரு மட்டும்தான் எனக்கு வரும். மத்தவங்கள நாங்க பாக்கவே மாட்டோம் லா.” பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்கிற இந்த ‘லா’ இந்த நாட்டு வழக்கம்.

“உங்க அத்தைய நீ பாக்கவே இல்லையா?”

“அத்தை பேரே எங்கிட்ட வரல ம்மா!”

அது எப்படி ஆள் தேடுகிறது என்று கேட்டேன். ஏற்கெனவே வேலையில் இருந்து நல்ல பெயர் வாங்கியவர்கள் யார் யார் என்று பார்த்து, அதே மாதிரி ஆட்களைத் தேடுமாம். ஏற்கெனவே எங்களை மாதிரி ஆட்களை எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்றேன். கவிதா போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். “யூ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட், ம்மா. அது யாரையும் வேணும்னு ஒதுக்கல. என்ன ரேஸ், என்ன இனம்னு அது கேக்குறதே இல்ல.”

“கேக்காமலே கண்டுபிடிச்சிருச்சே, கெட்டிக்காரக் கழுதை” என்றேன்.

பரமேஸ்வரி குறுக்கே வந்தாள். “புள்ளைய ஏசாதீங்க அண்ணி. கவி, நீ சொல்லு. என்ன மாத்துனா அது எடுக்கும்?”

அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தந்திரத்தைக் கவிதா சொன்னாள். சொந்தப் பெயரையும் தகப்பன் பெயரையும் சுருக்கிப் ‘பரமேஸ் கோவின்’ என்று போட வேண்டும். தோட்டத்து முகவரி வேண்டாம், தன்னுடைய அம்பாங்கான் முகவரியைப் போடலாம். ஐசியை, அதுதான் அடையாள அட்டையை, பிறகு காட்டுகிறேன் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கலாம். தன் அறையில் வளைய விளக்கு இருக்கிறது, அங்கே வந்து பேசலாம்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து அலுவலக அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். கவி குணா என்று இருந்தது. கவிதா இல்லை. குணசேகரன் மகள் இல்லை. என் கணவர் அதை எடுத்து ஒரு முறை படித்தார். மேசையில் திருப்பி வைத்துவிட்டு லாரியைக் கழுவப் போகிறேன் என்று எழுந்து போனார்.

அடுத்த வாரம் அம்பாங்கானில் அந்த விளக்கின் வெளிச்சத்தில் பரமேஸ் கோவின் பேசினாள். அதே கேள்விகள். அவளும் ஒரு சொல் மாற்றாமல் அதே பதில்களைச் சொன்னாள். மறுநாளே நேர்காணலுக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. எதனால் வந்தது, பெயராலா, முகவரியாலா, விளக்காலா என்று கவிதாவைக் கேட்டேன். “எங்களுக்கே தெரியாது ம்மா” என்றாள்.

5

நேர்காணலுக்கு நானும் கூடப் போனேன். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் பரமேஸ்வரி, உற்பத்தி மேலாளரான ஒரு சீனர், மனிதவளப் பிரிவுப் பெண் ஒருத்தி. அந்தப் பெண் நம்மவள்தான், நெற்றியில் சின்னதாகப் பொட்டு. மேலாளர் பரமேஸ்வரியின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் கையை அசைத்து விளக்கினாள். அவர் சிரித்தார், தலையாட்டினார், எழுந்து கை கொடுத்தார். பரமேஸ்வரி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். வேலை கிடைத்துவிட்டது என்று நான் நம்பிய கணம் அது.

பிறகு அந்தப் பெண் ஐசியை வாங்கிக் கணினியில் எண்ணைத் தட்டினாள். தட்டியவள் நிமிரவே இல்லை. மேலாளர் போய் எட்டிப் பார்த்தார். அவர் குரல் உயர்ந்தது. திரையைச் சுட்டிச் சுட்டிப் பேசினார். கடைசியில் கையை விரித்துவிட்டு வெளியே வந்து, என்னைக் கடந்து, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு போய்விட்டார்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள். “அக்கா, ஒரே ஐசி நம்பர்ல ரெண்டு பேரு இருக்கு. அட்ரஸும் வேற வேற. பொய்த் தகவல்னு சிஸ்டம் லாக் பண்ணிருச்சு. இன்னும் ஒரு வருஷத்துக்கு இந்த ஐசிக்கு எந்தக் கம்பெனியிலயும் தொறக்காது.”

“சொந்தப் பேர்ல போட்டேன், வேணாம்னுச்சு. அதான்மா சுருக்கிப் போட்டேன்” என்றாள் பரமேஸ்வரி.

“புரியுது அக்கா.”

“ஒங்க மேனேஜரு திங்கக்கெழம வரச் சொன்னாரே.”

“அவரு சொன்னாலும் நான் உள்ள ஏத்த முடியாது அக்கா. சம்பளமே சிஸ்டம் வழியாத்தான் போவுது.”

“அப்ப நீ எதுக்கும்மா இங்க உக்காந்திருக்க?” என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் கண் கலங்கினாள். பரமேஸ்வரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

மேலாளர் கையெழுத்துப் போடத் தயார். வேலை காலியாக இருக்கிறது. வேலை தெரிந்தவள் எதிரே நிற்கிறாள். மூன்றும் ஒரே அறையில் இருந்தும் நடக்கவில்லை.

6

என் தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்ததும் அப்பா என்னை ஒரு தனியார் பள்ளித் தாளாளரிடம் அழைத்துப் போனது அவனுக்கு நினைவிருக்காது, சின்னவன். தாளாளர் மதிப்பெண்களைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு, “எந்தத் தெரு?” என்று கேட்டார். அப்பா சொன்னார். சான்றிதழ்களை மூடி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, “சொல்லி அனுப்புறேன்” என்றார். எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த பையனைப் பாதி வழியிலேயே கண்ணால் திருப்பி அனுப்பினார்.

அந்த ஆளை நான் இன்றைக்கும் வெறுக்கிறேன். வெறுப்பதற்கு எனக்கு ஒரு முகம் இருக்கிறது. தடித்த கண்ணாடி, வெற்றிலைக் கறை, மோதிரம். தெருவில் பார்த்தால் முறைப்பேன், அவர் பார்வையைத் திருப்புவார். அந்த ஊரில் அது எனக்குக் கொஞ்சம் பலமாக இருந்தது.

இங்கேயும் எங்கள் முகவரியைத்தான் கேட்டார்கள். எந்தத் தோட்டம் என்ற கேள்விக்கும் எந்தத் தெரு என்ற கேள்விக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் யாரை முறைப்பது? தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். யார் மேல் புகார் என்றார். தொழிற்சாலை மேலா? அவர்கள் எடுக்கத் தயாராக இருந்தார்களே. கவிதாவின் நிறுவனம் மேலா? அவர்கள் மென்பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கியவர்கள். செய்தவர்கள் மேலா? அவர்கள் யார் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. யாரும் செய்யாத அநியாயம் ஒன்று பரமேஸ்வரிக்கு நடந்திருக்கிறது. இதைத்தான் தம்பி, நீ சாதி பார்க்காத கம்ப்யூட்டர் என்கிறாய்.

7

பரமேஸ்வரி சும்மா உட்காரவில்லை. தோட்டத்துக்கு வேன் அனுப்புகிற குத்தகைக்காரர் ஒருவரிடம் பேசினாள். அவர் தொழிற்சாலைகளுக்குக் கூலிக்கு ஆள் விடுகிறவர். அவருக்கு ஐசி நகல் ஒன்று போதும். பெயரில் கோடு இருந்தாலும் வளைவு இருந்தாலும் கவலை இல்லை. எங்கே கொண்டுபோய் இறக்கினார் தெரியுமா? அதே செண்டாயான், அதே தொழிற்சாலை. லைனில்தான் வேலை. கம்பெனி ஆட்களுக்கு நீலச் சட்டை, குத்தகை ஆட்களுக்குச் சாம்பல் சட்டை. அவர்களுக்கு மருத்துவச் சீட்டு, இவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு விடுமுறைச் சம்பளம், இவர்களுக்கு இல்லை. அந்தச் சீன மேலாளர் இவளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு போகிறாராம்.

“நீ எதுக்கு அங்கயே போகணும்?” என்று கத்தினேன்.

“வேலை தெரிஞ்ச எடம் லா அண்ணி. கோவத்தப் பாத்தா சோறு வேவாது” என்றாள்.

போன மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தவள், கை கால் கழுவிக்கொண்டு அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இன்னிக்கிக் கவி வந்தா அண்ணி, ஃபேக்டரிக்கு” என்றாள்.

கவிதா தன் முதலாளியோடும் இன்னும் சிலரோடும் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறாள். எல்லோர் கழுத்திலும் அட்டை. பகல் உணவு நேரத்தில் கேன்டீனுக்குள் வந்திருக்கிறார்கள். சாம்பல் சட்டைக்காரர்கள் கடைசி மேசைகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம்.

“நான் தலையக் குனிஞ்சிக்கிட்டேன் அண்ணி. புள்ளைக்கு வெக்கமா இருக்கும்ல? பாத்தா, அவ நேரா எங்கிட்டதான் வாரா. அத்தைன்னு சத்தமாக் கூப்புட்டு எச்சக் கையப் புடிச்சிக்கிட்டா. அவ மொதலாளியயும் கூப்புட்டா. இவங்க என் அத்தை, இவங்கதான் என்னைப் படிக்க வச்சாங்க, லைன் லீடரா இருந்தவங்க, நம்ம சிஸ்டம் இவங்கள ரிஜெக்ட் பண்ணிருச்சுன்னு இங்கிலீஷ்ல படபடன்னு சொல்றா. கேன்டீனே திரும்பிப் பாக்குது.”

நான் கரண்டியை வைத்துவிட்டேன். “அந்த ஆளு என்ன சொன்னான்?”

பரமேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நல்ல மனுசன் அண்ணி. சிரிச்ச மொகமாக் கையக் குடுத்தாரு. நீங்க மறுபடியும் ஆன்லைன்ல அப்ளை பண்ணுங்க, இப்ப புது வெர்ஷன் வந்திருக்கு, ரொம்ப நல்லா இருக்குன்னாரு.”

“கவி?”

“அவ மூஞ்சி செத்துப்போச்சு. அவங்களுக்குத் தனியா விருந்து வச்சிருந்தாங்க, அதுக்கும் போகாம என் பக்கத்துலயே நின்னா. நீ போ ராசாத்தின்னு நான்தான் தள்ளிவிட்டேன்.”

கவிதா இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள். அன்றைக்குப் பிறகு அவள் இன்னும் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

“நீ அந்த ஆளுக்கு என்னடி பதில் சொன்னே?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“தேங்க்யூ சார்னேன். வேற என்னா சொல்றது?” பரமேஸ்வரி எழுந்து, நான் கீழே வைத்த கரண்டியை எடுத்துக் குழம்பைக் கிளறினாள். “பெல் அடிச்சிருச்சு லா அண்ணி. சாப்புட்டுக்கூட முடிக்கல. கையக் கழுவிட்டு லைனுக்கு ஓடிட்டேன்.”